ஷார்லட் எட்வர்ட்ஸ்: கிடைத்த அணியா, உருவாக்கிய அணியா?

கேள்வி இதுதான்: இங்கிலாந்துப் பெண்கள் கிரிக்கெட் அணியின் முன்னாள் கேப்டன் ஷார்லட் எட்வர்ட்ஸ் பெரிய ஆட்டக்காரர் என்பதில் சந்தேகமில்லை, ஆனால் பயிற்சியாளராக அவர் வாங்கிய கோப்பைகள் அவருடைய திறமையால் வந்தவையா, இல்லை நல்ல அணிகளாகப் பார்த்துக் கையில் கொடுத்துவிட்டார்களா? இந்தியாவின் பெண்கள் பிரீமியர் லீக்கில் ஆடும் மும்பை இந்தியன்ஸ் மாதிரி பணம் உள்ள அணியை யார் நடத்தினாலும் ஜெயிக்கும் என்று கேட்டவரே ஒரு வரியும் சேர்த்திருக்கிறார்.

பாதி சரிதான். மும்பையை மட்டும் வைத்துப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால் அவருடைய பயிற்சியாளர் கதை மும்பையில் தொடங்கவில்லை, இங்கிலாந்தின் தென்கரைப் பக்கம் சதர்ன் வைப்பர்ஸ் என்ற உள்ளூர் அணியில், சம்பளம் வாங்கும் ஆட்டக்காரர்கள் ஐந்து பேர்கூட முழுதாக இல்லாத நாட்களில் தொடங்கியது. அதற்கும் முன்னால் போக வேண்டும் என்பது என் கட்சி. அவர் ஆடிய காலத்தைப் பார்க்காமல் பயிற்சி கொடுக்கும் விதத்தைப் புரிந்துகொள்ள முடியாது, ஆகவே கொஞ்சம் நீளமாகத்தான் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1979 டிசம்பர் 17-ல் இங்கிலாந்தின் ஹன்டிங்டனில் பிறந்தவர். அப்பா உருளைக்கிழங்கு விவசாயி, கிரிக்கெட்டும் ஆடியவர். பிட்லி என்ற சின்ன கிராமத்தில் வளர்ந்தார், அங்கே பெண்களுக்கென்று தனி அணியெல்லாம் ஏது, பையன்களோடுதான் ஆடினார். 1996 ஜூலையில் கில்ட்ஃபோர்டில் நியூசிலாந்துக்கு எதிராக டெஸ்டில் இறங்கியபோது வயது 16. இங்கிலாந்துக்காக அதுவரை அவ்வளவு சின்ன வயதில் யாரும் ஆடியதில்லை. அப்போது இங்கிலாந்து பெண்கள் அணி ஆண்களை நடத்தும் வாரியத்தின் கீழ்கூட இல்லை, பெண்களே நடத்திய தனிச் சங்கத்தின் கீழ் இருந்தது; 1998-ல்தான் இரண்டும் ஒன்றாயின. பாவாடை போட்டுக்கொண்டு ஆட வேண்டும், அணியின் பிளேசரைச் சொந்தக் காசில் வாங்க வேண்டும். நாட்டுக்கு ஆடுவதற்குக் கைக்காசு போட வேண்டியிருந்த கடைசித் தலைமுறை அவருடையது.

1997 டிசம்பரில் இந்தியாவில் உலகக் கோப்பை. டிசம்பர் 16 அன்று, அதாவது 18 வயது முடிவதற்கு முந்தின நாள், புனேயில் அயர்லாந்துக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 173 எடுத்தார். அதுவரை பெண்கள் ஒருநாள் ஆட்டத்தில் ஒருவர் எடுத்த மிகப் பெரிய ஸ்கோர் ஆஸ்திரேலியாவின் லிசா கீட்லி அடித்த 156. சாதனை முறிந்தது, கொண்டாட வேண்டியதுதானே? அதே நாள், மும்பையில், டென்மார்க்குக்கு எதிராக பெலிண்டா கிளார்க் 229 அடித்து வைத்துவிட்டார்! பதினேழு வயதுப் பெண்ணின் உலக சாதனை ஒரு நாள்கூடத் தாங்கவில்லை. இதில் இன்னொரு வேடிக்கை உண்டு. அந்த 229-ஐ 2018-ல் தாண்டியவர் நியூசிலாந்தின் அமீலியா கெர், அவருக்கும் வயது 17, எதிரணியும் அதே அயர்லாந்து. அந்த அமீலியா கெர்தான் பின்னால் மும்பையில் எட்வர்ட்ஸின் அணியில் ஆடியவர். லிசா கீட்லியோ இங்கிலாந்துப் பெண்கள் அணியின் முதல் முழுநேரப் பெண் தலைமைப் பயிற்சியாளர் ஆனார். பெண்கள் கிரிக்கெட் உலகம் சின்னது, எல்லோரும் எல்லோருக்கும் எங்கேயாவது தெரிந்தவர்கள். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அந்த உலகக் கோப்பையில் இங்கிலாந்து அரையிறுதியில் நின்றுபோனது நம் சென்னையில்தான், நியூசிலாந்திடம் 20 ரன்னில். பின்னால் ஒருமுறை ஹாக்கி ஆடும்போது முழங்கால் தசைநார் அறுந்தது. அந்தக் காலத்து வைத்திய வசதியோடு, சம்பளமில்லாத ஒரு விளையாட்டுக்காக அதிலிருந்து எழுந்து வருவது சாதாரணம் இல்லை. வந்தார். 2005-ல் க்ளேர் கானர் தலைமையில் இங்கிலாந்து 42 வருடத்துக்குப் பிறகு, ஆஸ்திரேலியாவோடு ஆடும் ஆஷஸ் தொடரை ஜெயித்தபோது அணியில் இருந்தார். கானர் காயத்தில் இருந்தபோது தற்காலிகமாகக் கேப்டன், 2006-ல் கானர் விலகியதும் நிரந்தரக் கேப்டன். அப்புறம் பத்து வருடம் அந்த நாற்காலியை விட்டு எழவில்லை.

கேப்டனாக அவர் எப்படி என்று கேட்டால் நான் 2008 பிப்ரவரி பௌரல் டெஸ்டைச் சொல்வேன். பிராட்மன் வளர்ந்த ஊர், ஆஸ்திரேலியாவின் சொந்த மண், ஒரே ஒரு டெஸ்ட், ஆஷஸ் அதில்தான் முடிவாகும். ஈசா குஹா பந்துவீச்சில் 9 விக்கெட் எடுத்தார், எட்வர்ட்ஸ் முதல் இன்னிங்ஸில் 94, இரண்டாவதில் ஆட்டமிழக்காமல் 49, ஆறு விக்கெட்டில் வெற்றி. தொடக்கத்தில் இறங்கி, ஜெயித்த ரன் வரை நின்று, மற்றவர்கள் வந்து போக இடம் கொடுப்பது அவர் பாணி. அலட்டல் கிடையாது. கவர் திசையில் டிரைவ், குட்டைப் பந்து விழுந்தால் புல், தேவைப்பட்டால் லெக் ஸ்பின்னும் போடுவார்.

2009-ல் எல்லாம் சேர்ந்து வந்தது. மார்ச்சில் சிட்னியில் நியூசிலாந்தை வீழ்த்தி ஒருநாள் உலகக் கோப்பை, ஜூனில் லார்ட்ஸில் அதே நியூசிலாந்தை 85-க்குச் சுருட்டி முதல் டி20 உலகக் கோப்பை, ஜூலையில் வொர்ஸ்டரில் டெஸ்டை டிரா செய்து ஆஷஸைக் கையில் வைத்துக்கொண்டது. சிட்னி இறுதியாட்டத்தில் ஒரு சம்பவம்: ஜென்னி கன் காயத்தால் கடைசி நேரத்தில் ஆட முடியாமல் போக, அவருக்குப் பதில் நிக்கி ஷா உள்ளே வந்தார், நாலு விக்கெட் எடுத்து ஆட்ட நாயகி ஆனார். பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர் இறுதியாட்டத்தை ஜெயித்துக் கொடுக்கிறார் என்றால், அந்தத் தொடர் முழுக்க அவரை யாரோ தயாராக வைத்திருந்தார்கள் என்றுதானே அர்த்தம். இதை முழுக்கக் கேப்டன் கணக்கில் எழுத மாட்டேன், அணியில் பயிற்சியாளரும் இருந்தார். ஆனால் எட்வர்ட்ஸின் அணிகளில் பன்னிரண்டாவது ஆளும் பதின்மூன்றாவது ஆளும் தூங்கிக்கொண்டிருப்பதில்லை என்பதைப் பின்னாலும் பார்ப்போம்.

இந்த இடத்தில் பலரும் கவனிக்காத ஒன்று. 2008 வாக்கில் இங்கிலாந்து வீராங்கனைகளுக்குக் கொஞ்சம் வருமானம் வர ஒரு ஏற்பாடு செய்தார்கள். சான்ஸ் டு ஷைன் என்ற தொண்டு நிறுவனத்தோடு சேர்ந்து, அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கிரிக்கெட் சொல்லித்தரும் வேலை. நாட்டுக் கேப்டன், ஐசிசியின் அந்த வருடத்துச் சிறந்த வீராங்கனை, பள்ளிக்கூட மைதானத்தில் பிளாஸ்டிக் ஸ்டம்ப் நட்டுப் பிள்ளைகளுக்கு மட்டை பிடிக்கக் காட்டிக்கொண்டிருந்தார். ஆகவே எட்வர்ட்ஸ் 2018-ல் பயிற்சியாளர் ஆனார் என்று எழுதுபவர்கள் பத்து வருடம் தாமதமாகக் கணக்கைத் தொடங்குகிறார்கள். பெரிய ஆட்டக்காரர்கள் பயிற்சி கொடுக்கத் திணறுவதற்குச் சொல்லும் வழக்கமான காரணம் அவர்களுக்கு எளிதாக வந்தது மற்றவர்களுக்கு ஏன் வரவில்லை என்று புரியாததுதான். எட்டு வயதுப் பிள்ளைகள் முப்பது பேரை ஒரு மணி நேரம் கட்டி மேய்த்தவருக்கு அந்தச் சிக்கல் வர வாய்ப்புக் குறைவு.

அடுத்த சில வருடங்களைச் சுருக்கமாகவே சொல்லலாம். 2012-ல் கொழும்பில் டி20 உலகக் கோப்பை இறுதி, ஆஸ்திரேலியாவிடம் 4 ரன்னில் தோல்வி, ஆனால் தொடர் நாயகி எட்வர்ட்ஸ். 2013-ல் சொந்த மண்ணிலும் அடுத்த சில மாதத்தில் ஆஸ்திரேலியாவிலும் ஆஷஸ் வெற்றி. 2014-ல் விஸ்டன் என்ற கிரிக்கெட் ஆண்டு நூல் தேர்ந்தெடுத்த ஐந்து சிறந்த ஆட்டக்காரர்களில் ஒருவர், க்ளேர் டெய்லருக்குப் பிறகு அந்த இடத்துக்கு வந்த இரண்டாவது பெண். அதே வருடம்தான் இங்கிலாந்து வாரியம் 18 பெண்களுக்கு முழுநேர ஒப்பந்தம் கொடுத்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள், 1996-ல் ஆடத் தொடங்கியவருக்கு முழுநேரச் சம்பளம் வந்தபோது வயது 34.

இப்போது 2016. இந்தக் கதையின் முள் இங்கேதான் இருக்கிறது.

முந்தின வருடம் ஆஷஸை இழந்தபின் மார்க் ராபின்சன் பயிற்சியாளராக வந்தார். 2016 மார்ச்சில் இந்தியாவில் டி20 உலகக் கோப்பை. டெல்லியில் அரையிறுதி, ஆஸ்திரேலியா 132, இங்கிலாந்துக்குத் தொடக்க ஜோடி எட்வர்ட்ஸும் டாமி பியூமான்ட்டும் அறுபது ரன்னுக்கு மேல் சேர்த்துக் கொடுத்தார்கள், அதன்பின் மற்றவர்கள் தடுமாறி 5 ரன்னில் தோல்வி. அந்தத் தொடர் முழுவதிலும் எட்வர்ட்ஸ் 202 ரன், இங்கிலாந்தில் அவரைவிட அதிகம் எடுத்தவர் இல்லை. ஆனாலும் மே மாதம் அவரைக் கூப்பிட்டு இனி உங்களைத் தேர்வு செய்யப்போவதில்லை என்று சொல்லிவிட்டார்கள். காரணம்? அணி அவர் ஒருவரையே நம்பிக்கொண்டிருக்கிறது, அவர் போனால்தான் மற்றவர்கள் எழுந்து நிற்பார்கள், உடல்தகுதியும் வேறு மட்டத்துக்குப் போக வேண்டும். மே 11 அன்று கண்ணீரோடு ஓய்வை அறிவித்தார். 23 டெஸ்ட், 191 ஒருநாள், 95 டி20. மொத்தம் 10,273 ரன். அதில் 220 ஆட்டம் கேப்டனாக. டி20-யில் ஆடிய 95-ல் 93 கேப்டனாக ஆடியவை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ராபின்சன் செய்தது தப்பா? அன்று எனக்கு ஆத்திரமாக இருந்தது. ஆனால் அடுத்த வருடமே ஹெதர் நைட் தலைமையில் அதே அணி லார்ட்ஸில் இந்தியாவை 9 ரன்னில் தோற்கடித்து உலகக் கோப்பையைத் தூக்கியது, நம்மில் பலருக்கும் மறக்காத ஆட்டம். ஆக முடிவு பலித்தது. சொன்ன காரணமும் முழுப் பொய் இல்லை. அந்த அனுபவம் எட்வர்ட்ஸுக்கு என்ன கற்றுக்கொடுத்தது என்று அவர் மனதுக்குள் புகுந்து சொல்ல முடியாது, ஆனால் பயிற்சியாளராக அவர் நடந்துகொண்ட விதத்தில் இரண்டு விஷயம் திரும்பத் திரும்பத் தெரிகிறது: ஒரே ஆளை நம்பி அணி கட்டுவதில்லை, வயதாகிவிட்டது என்று ஆளை ஒதுக்குவதும் இல்லை.

அந்தக் கோடையிலேயே இங்கிலாந்தில் பெண்களுக்கான கியா சூப்பர் லீக் என்ற டி20 தொடர் தொடங்கியது. சதர்ன் வைப்பர்ஸ் அணிக்குக் கேப்டனாக இறங்கி முதல் கோப்பையை வாங்கினார். ஆஸ்திரேலியாவின் பிக் பாஷில் பெர்த்துக்கும் அடிலெய்டுக்கும் ஆடினார். 2017-ல் மட்டையை முழுவதுமாக வைத்துவிட்டார், அதன்பின் ஹாம்ப்ஷயரில் பெண்கள் கிரிக்கெட் இயக்குநர் ஆனார். இந்தப் பதவிக்குப் பளபளப்பு எதுவும் கிடையாது. பதினைந்து வயதுப் பிள்ளைகள் எத்தனை பேர் ஆடுகிறார்கள், யாருக்கு எந்த மைதானம் கிடைக்கும், யார் பரீட்சைக்காக ஆட்டத்தை விடப்போகிறார்கள், இதுதான் அன்றாட வேலை. இங்கிலாந்தின் முன்னாள் கேப்டன் நேராக ஒரு பெரிய அணியின் பயிற்சியாளர் நாற்காலிக்குப் போயிருக்கலாம். போகவில்லை.

2020-ல் இங்கிலாந்தின் உள்ளூர் ஆட்டத்தை எட்டு வட்டார அணிகளாகப் பிரித்தார்கள். அந்த வருடக் கடைசியில் நாடு முழுக்க 41 பேருக்கு முழுநேர ஒப்பந்தம், அதாவது ஓர் அணிக்கு ஐந்து பேர் மாதிரி. மீதிப் பேர் படிப்பவர்கள், வேலைக்குப் போகிறவர்கள். பழைய பெயரையே வைத்துக்கொண்ட வைப்பர்ஸுக்குப் பயிற்சியாளர் எட்வர்ட்ஸ். 50 ஓவர் ஆட்டத்துக்கான ரேச்சல் ஹேஹோ ஃபிளின்ட் கோப்பையை 2020, 2021, 2023 என மூன்று முறை வாங்கினார்கள், 2022-ல் லார்ட்ஸ் இறுதியில் 2 ரன்னில் விட்டார்கள். டி20-க்கு வைத்த கோப்பைக்குப் பெயரே ஷார்லட் எட்வர்ட்ஸ் கோப்பை. முதல் வருடம் வேறு அணி கொண்டுபோய்விட்டது, 2022-லும் 2023-லும் அவரே பயிற்சி கொடுத்த அணி அவர் பெயரில் உள்ள கோப்பையை அவரிடமே வாங்கி வந்து கொடுத்தது. இப்படி ஒன்று வேறு யாருக்காவது நடந்திருக்கிறதா என்று யோசித்துப் பார்த்தேன், எனக்கு யாரும் தோன்றவில்லை.

கேட்டவருக்கு நான் சொல்ல விரும்பும் முக்கியமான பதில் இந்த ஐந்து கோப்பைகளில்தான் இருக்கிறது. இங்கே ஏலம் கிடையாது, மூன்று கோடி கொடுத்து யாரையும் வாங்க முடியாது. எல்லா அணிக்கும் ஏறக்குறைய ஒரே பணம். இங்கிலாந்து அணிக்கு ஆள் போய்விட்டால் மீதி இருப்பவர்களை வைத்துத்தான் ஜெயிக்க வேண்டும். 2020 இறுதியாட்டத்தில் 6 விக்கெட் எடுத்தவர் ஷார்லட் டெய்லர் என்ற சுழல்பந்துக்காரர், அதற்கு முன்னால் அவர் பெயரை இங்கிலாந்திலேயே எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்! 2021 இறுதியில் 184 இலக்கு, நூற்றுச் சொச்சத்துக்கு ஏழு விக்கெட் போய்விட்டது, எமிலி வின்ட்சரும் டாரா நாரிஸும் நின்று கடைசி ஓவரில் முடித்தார்கள். இரண்டு பேருமே அப்போது இங்கிலாந்துக்கு ஆடியவர்கள் இல்லை. சிட்னியில் நிக்கி ஷா ஞாபகம் வருகிறதா? அதே கதை. அந்த அணியில் அவரிடம் வளர்ந்த சார்லி டீன், லாரன் பெல், மையா பூஷியர் எல்லோரும் இங்கிலாந்து அணிக்குப் போனார்கள்.

ஓர் அணிக்கு நூறு பந்து என்று ஆடும் இங்கிலாந்தின் ஹண்ட்ரட் தொடரில் அவர் பயிற்சி கொடுத்த சதர்ன் பிரேவ் அணியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. 2021, 2022 இரண்டு முறையும் இறுதியில் ஓவல் அணியிடம் தோல்வி, மூன்றாவது முறை 2023-ல் லார்ட்ஸில் கோப்பை, கேப்டன் அன்யா ஷ்ரப்சோலுக்கு அதுவே கடைசி ஆட்டம். எல்லா இடத்திலும் அவர் தொட்டது துலங்கியது என்றும் நினைக்க வேண்டாம். ஆஸ்திரேலிய பிக் பாஷில் சிட்னி சிக்சர்ஸ் அணியின் பயிற்சியாளராக 2022-ல் புள்ளிப் பட்டியலில் முதலிடம் பிடித்து இறுதியில் அடிலெய்டிடம் 10 ரன்னில் தோற்றார், அடுத்த இரண்டு பருவமும் கோப்பை இல்லை. ஆஸ்திரேலியாவில் எல்லா அணிகளும் பலமானவை, உள்ளூர்ப் பெண்களை அடிமட்டத்திலிருந்து அறிந்த பயிற்சியாளர்கள் அங்கே ஏற்கனவே இருக்கிறார்கள், எட்வர்ட்ஸின் பெரிய பலம் அங்கே பலமாக இருக்கவில்லை என்பது என் ஊகம்.

சரி, மும்பைக்கு வருவோம். பணம் இருந்தது, மறுக்கவில்லை. நாட் சிவர்-பிரன்டை 3.2 கோடிக்கு எடுத்தார்கள், ஹர்மன்பிரீத் கவுர் கேப்டன், ஹேலி மேத்யூஸ், அமீலியா கெர் வேறு. ஆனால் அந்த ஏலத்தில் பெங்களூருவும் டெல்லியும் அதே அளவு பணத்தோடுதான் உட்கார்ந்திருந்தன. 2023-ல் வித்தியாசம் வந்தது கீழே இருந்து. 10 லட்சத்துக்கு எடுத்த வங்காளத்து இடக்கைச் சுழல்பந்துக்காரர் சைகா இஷாக் 15 விக்கெட் எடுத்தார். இங்கிலாந்தின் ஈசி வாங் எலிமினேட்டரில் ஹாட்ரிக், இறுதியாட்டத்தில் முதல் மூன்று விக்கெட். அவரை உள்ளூர் ஆட்டங்களில் எதிரணியாகப் பல வருடம் பார்த்தவர் எட்வர்ட்ஸ். இந்தியப் பெண்களைப் பற்றி அவருக்கு அவ்வளவு தெரிந்திருக்காது, அங்கே இந்தியாவின் முன்னாள் வீராங்கனைகள் ஜூலன் கோஸ்வாமியும் தேவிகா பல்ஷிகரும் பக்கத்தில் இருந்தார்கள், தனக்குத் தெரியாத இடத்தில் தெரிந்தவரைக் கேட்டுச் செய்தார் என்று நினைக்கிறேன். 2025-ல் மறுபடியும் கோப்பை, பிராபோர்ன் மைதானத்தில் டெல்லியை 8 ரன்னில். அந்த வருட அணியில் நம் மதுரைப் பெண் கமலினியும் இருந்தார், 1.6 கோடிக்கு ஏலத்தில் எடுத்தபோது அவருக்கும் வயது 16. ஒரு பக்கம் 16 வயதில் சொந்தக் காசில் பிளேசர் வாங்கியவர், இன்னொரு பக்கம் 16 வயதில் ஒன்றரைக் கோடிக்கு மேல் விலை போனவர், இருவரும் ஒரே டிரெஸ்ஸிங் ரூமில். பெண்கள் கிரிக்கெட் முப்பது வருடத்தில் எங்கிருந்து எங்கே வந்திருக்கிறது என்று யாராவது கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

மும்பைக் கோப்பை மார்ச் 15-ல். ஏப்ரல் 1-ல் இங்கிலாந்தின் தலைமைப் பயிற்சியாளர் என்று அறிவிப்பு. இடையில் என்ன நடந்தது என்றால், அந்த வருடத் தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவில் இங்கிலாந்து ஆஷஸை 16-0 என்று ஒரு புள்ளிகூட எடுக்காமல் தோற்றிருந்தது. பயிற்சியாளர் ஜான் லூயிஸ் போனார், ஒன்பது வருடக் கேப்டன் ஹெதர் நைட்டும் பதவியிலிருந்து இறக்கப்பட்டார். இறக்கியது எட்வர்ட்ஸ் இல்லை, அவர் வருவதற்கு முன்பே வாரியம் எடுத்த முடிவு. அப்போது அங்கே பெண்கள் கிரிக்கெட்டுக்குப் பொறுப்பில் இருந்தவர் க்ளேர் கானர், ஆமாம், எட்வர்ட்ஸுக்கு முந்தைய அதே கேப்டன். சின்ன உலகம் என்று சொன்னேன் அல்லவா.

இப்போது நிலைமையைப் பாருங்கள். 2016-ல் எட்வர்ட்ஸை அனுப்பிவிட்டு அந்த நாற்காலியில் உட்கார வைக்கப்பட்டவர் நைட். 2025-ல் எட்வர்ட்ஸ் பயிற்சியாளராக வரும்போது பதவி போன நைட் அணியில் உட்கார்ந்திருக்கிறார், 34 வயது, போதாததற்கு மே மாதம் தொடைப் பின்தசையில் காயம் வேறு. தனக்குச் செய்ததையே இன்னொருவருக்குச் செய்ய எட்வர்ட்ஸுக்கு எல்லா நியாயமும் இருந்தது. செய்யவில்லை. புதுக் கேப்டனாக சிவர்-பிரன்டை வைத்தார், நைட்டை மட்டையாளராக வைத்துக்கொண்டார், காயம் ஆறி வரும்வரை காத்திருந்து உலகக் கோப்பைக்கு அழைத்துப்போனார். அக்டோபர் 19, இந்தூர், இந்தியாவுக்கு எதிராக நைட் 109. அவருடைய 300-வது சர்வதேச ஆட்டம். நாம் அந்த ஆட்டத்தை 4 ரன்னில் தோற்றோம், அதை நினைத்தால் இன்னும் எரிகிறது, ஆனால் எட்வர்ட்ஸின் பக்கமிருந்து பார்த்தால் அது அழகான முடிவு.

அந்த ஆட்டத்தின் கடைசி ஓவரை வீசியவரையும் கவனியுங்கள், லின்சி ஸ்மித். 2018-ல் டி20 ஆடிவிட்டுப் பல வருடம் தேசிய அணிப் பக்கமே வராதவர். வைப்பர்ஸிலும் ஆடியிருந்ததால் எட்வர்ட்ஸுக்கு நன்றாகத் தெரியும். 2025 மே மாதம் 30 வயதில் ஒருநாள் அணிக்கு அழைத்துவந்தார், முதல் ஆட்டத்திலேயே 5 விக்கெட். குவாஹாட்டியில் தென்னாப்பிரிக்காவை 69-க்குச் சுருட்டிய ஆட்டத்தில் புதுப்பந்தைக் கையில் கொடுத்தார், 7 ரன்னுக்கு 3 விக்கெட். இந்தூரில் ஸ்மிருதி மந்தனாவை எடுத்ததும் அவர்தான், கடைசி ஓவரில் 14 ரன் தேவை என்றபோது காத்ததும் அவர்தான். பயிற்சியாளர் பொறுப்பேற்றபோதே எட்வர்ட்ஸ் சொன்னது கவுன்ட்டி ஆட்டத்தில் நன்றாக ஆடுபவர்களுக்கு இங்கிலாந்துக் கதவு திறக்கும் என்பது. எல்லாப் பயிற்சியாளரும் இதைச் சொல்வார்கள், ஆனால் இவர் அந்த ஆட்டங்களை உட்கார்ந்து பார்த்தவர்.

இவ்வளவு புகழ்ந்தபின் மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். 2025 கோடையில் வெஸ்ட் இண்டீஸை ஆறு ஆட்டத்திலும் தோற்கடித்த இங்கிலாந்து, அடுத்து வந்த இந்தியாவிடம் டி20 தொடரை 3-2, ஒருநாள் தொடரை 2-1 என்று சொந்த மண்ணிலேயே இழந்தது. உலகக் கோப்பையில் ஆஸ்திரேலியாவிடம் தோல்வி. அரையிறுதியில், அதே குவாஹாட்டியில், அதே தென்னாப்பிரிக்கா 319 அடித்தது, லாரா வூல்வார்ட் 169. இங்கிலாந்தின் முதல் மூன்று மட்டையாளர்களும் டக், அதாவது ரன் எடுக்காமலே அவுட். அதில் நைட்டும் ஒருவர், பத்து நாள் முன்னால் சதம் அடித்தவர். மரிஸான் காப் 5 விக்கெட், 125 ரன்னில் தோல்வி. பலமான அணி எதிரே வந்து முதல் அடி அடித்தால் தடுமாறும் பழைய நோய் அவர் வந்த முதல் வருடத்தில் தீரவில்லை. தேசிய அணியில் அவர் ஆளைத் தேர்ந்தெடுக்கலாம், வாங்க முடியாது. பழக்கத்தை மாற்றவும் ஒரு கோடைக்காலம் போதாது.

ஆகவே என் பதில்: சிட்னி சிக்சர்ஸிலும், இங்கிலாந்தில் முதல் வருடத்திலும் அவருக்குக் கிடைத்தது சுமார்தான், மும்பையில் நல்ல அணி கிடைத்தது, அதை அவர் இன்னும் நல்ல அணியாக்கினார், வைப்பர்ஸை மட்டும் யாரும் அவர் கையில் கொடுக்கவில்லை, அவரே செய்தார். இதில் உங்களுக்குச் சந்தேகம் இருந்தால் மும்பை ஆட்டங்களைப் பார்க்க வேண்டாம். நார்தாம்ப்டனில் நடந்த அந்த 2021 இறுதியாட்டத்தைத் தேடிப் பாருங்கள், ஏழாவது விக்கெட் விழுந்த இடத்திலிருந்து தொடங்கினால் போதும்.